மயில்சாமி அடைத்த மடை

சேந்தமங்கலம்,
12.7.86

அன்பு மகள் உண்ணாமலைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பி மயில்சாமியும் சுகம், போன வாரம் கன்று போட்ட எருமையும் சுகம், நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் எங்கள் சுகம் முழுசாகும். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூனாவில் உன் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று குதித்துக்கொண்டு எழுதியவள், அதற்குள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். நீ பிள்ளைகளையே மிஷினைத் தொட்டுப் பழக விட்டாயாம், ஒரு பையன் எதையோ தப்பாகத் தட்டி மிஷின் நின்றுபோனதாம், உடனே பெரிய வாத்தியார் அதைத் துணி போட்டு மூடி, இனிமேல் போர்டில் எழுதிப்போடு, பிள்ளைகள் பார்த்து எழுதினால் போதும் என்றாராம். அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம், பள்ளிபாளையத்தில் நல்ல வரன் இருக்கிறது என்று அதே பேச்சாக இருக்கிறார். எனக்கும் நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நேற்று தம்பி வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுவதைப் பார்த்தபோது உன் பழைய வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. கிணற்றில் மோட்டார் ஓடினால் போதும், வாய்க்கால்தான் உனக்குப் பள்ளிக்கூடம், தம்பிதான் மாணவன். இந்த மடையை அடைத்து அந்த மடையைத் திறந்தால் தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போகும் என்று முதலில் அவனைச் சொல்ல வைப்பாய், பிறகு அவன் கையாலேயே வெட்டிவிட்டுப் பார்க்கச் சொல்வாய். உன் பாவாடையெல்லாம் சேறு, திட்டிக்கொண்டே துவைப்பேன், இப்போது அந்தக் கறை போகாத பாவாடை ஒன்று கிடைத்தால் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் அவன் எல்லா மடையையும் அடைத்துவிட்டான், வரப்பு உடைந்து, பக்கத்துக் காட்டில் சின்னண்ணன் மாமா பிடுங்கிக் காயப்போட்டிருந்த வெங்காயமெல்லாம் மிதந்தது. “ஏனுங்கக்கா, உங்க புள்ளைக படிக்கறதுக்கு என்ற வெங்காயந்தான் கெடச்சுதுங்களா” என்று அவர் சத்தம் போட, நான் தம்பியை அடிக்கக் கையை ஓங்கினேன். நீ குறுக்கே வந்து, “அடிக்காதீங்கம்மா, தண்ணி இப்ப எங்க போகோணும்னு அவனே சொல்லட்டும்” என்றாய். அழுதுகொண்டே சுற்றிப் பார்த்தவன், ஓடிப்போய்க் கடைசி மடையைத் திறந்தான், தண்ணீர் வடிந்தது.

இன்றைக்குக் காடு முழுக்கத் தண்ணீர் கட்டுவது அவன்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “அக்கா அன்னிக்குப் போர்டுல எழுதிப்போட்டுச் சொல்லியிருந்தா, நான் இன்னமும் மாமா வெங்காயத்தத்தான் ஊற வெச்சுட்டிருப்பேம்மா” என்றான். அப்பா சிரித்துவிட்டார், அப்புறம் வரன் பேச்சை எடுக்கவில்லை. நீ ஒன்று செய், முதலில் அந்தப் பெரிய வாத்தியாரையே மிஷின் முன்னால் உட்கார வைத்து, இதைத் தட்டினால் என்ன வரும் என்று கேள், அவரே தட்டிப் பார்க்கட்டும், தப்பாகவும் தட்டட்டும். அவர் பயம் தெளிந்தால் துணி தானாக விலகும். மிஷினை நிறுத்திய அந்தப் பையனை மறுபடி உட்கார வைக்காமல் விடாதே, அவன் முகம் எனக்கு மயில்சாமி முகமாகவே தெரிகிறது.

கொல்லிமலைச் சாமி உன்னைக் காக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரியில் பட்டினி கிடக்காதே. ஆடிப் பதினெட்டுக்குக் கட்டாயம் வா, வாசலிலேயே நிற்பேன். வரும்போது, திரும்பிப் போகிற டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வா சாமி.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா சௌந்திரம்