மூன்று வாரம் முன்பே எழுதிய அஞ்சலி

என் வீட்டுப் பத்திரிகைக்காரருக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். குளியலறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் வானொலிக்காரருக்குக் கடைசி மரியாதை செலுத்தப் போகிறேன். சின்ன வயதில் எனக்குத் திக்குவாய். தினமும் காலைச் செய்தியை அவர் வாசிக்க வாசிக்கப் பின்னாலேயே சொல்லித்தான் எனக்குப் பேச்சு வந்தது. இது தெரிந்துதானே மூன்று வாரம் முன்பு, "அவரைப் பத்தி நாலு வரி சொல்லேன், பேப்பருக்கு வேணும்" என்றீர்கள்? பிறந்தநாள் வாழ்த்தாக்கும் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். இன்று அது கறுப்புக் கட்டத்துக்குள், 'கண்ணீருடன் ஒரு நேயர்' என்று வந்திருக்கிறது. மனிதர் ஆஸ்பத்திரியில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே என்னை அழ வைத்து அச்சுக்கோத்துவிட்டீர்கள். சீ!

அதைவிட, நேற்று வீட்டுக்கு வந்ததும், "நல்லவேளை, பக்கம் ரெடியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை குழம்பு கேட்டீர்களே! எந்தப் பக்கம் என்று இன்று பேப்பரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பிரஷர் மாத்திரை தீப்பெட்டி பக்கத்தில். சாப்பிட்ட பிறகு போடுங்கள், மறக்க வேண்டாம்.

இன்னொன்று. எனக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் சாயங்காலம் கொண்டுவாருங்கள். வாய் இருக்கும்போதே பிழை பார்த்துத் தந்துவிடுகிறேன்.