கீழே இடம் விடாதீர்கள்

மானிட்டோபா, கனடா,
1944 அக்டோபர் 20

என் கண்ணான ஸ்வெய்னுக்கு,

எந்த நாட்டுச் சேற்றில் நின்று இதைப் படிக்கிறாயோ, கால் நனையாமல் இருக்கட்டும். அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. இனி சண்டை விஷயம். உன்னுடையது அல்ல, என்னுடையது.

ஊர் நடுவே நிற்கும் போர் நினைவுக்கல்லில் இந்தப் போரில் இறந்த பிள்ளைகளின் பெயர்களையும் செதுக்குவதாக முடிவாயிற்று. உன் அண்ணன் லெய்ஃபின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். கமிட்டித் தலைவர் ஹாலிடேயின் கடைக்கே போய்க் கேட்டேன். "நல்ல பையன்தான் தோரா, யார் இல்லேன்னா? ஆனா அவன் போர்ல சாகலயே. இங்கயே பயிற்சி விமானத்துலதானே போனான்" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். "பின்னே என்ன, சந்தை ராட்டினத்துலேருந்தா விழுந்தான்? விமானப்படைச் சட்டையோடதானே பெட்டியில வந்தான்?" என்று கேட்டேன்.

கல் வேலைக்குப் பணம் சேர்வது அறுவடை விருந்தில்தான். என் ஏழடுக்கு கேக் இல்லாமல் அந்த விருந்து நடந்ததில்லை என்பது உனக்கே தெரியும். இந்த வருஷம் கிடையாது என்றேன். பக்கத்துப் பண்ணை குட்ரூன் தானும் எதுவும் சுடப்போவதில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாப் பெண்களும் அதையே சொன்னார்கள்.

ஹாலிடே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "கல்லோட பின்பக்கத்துல போட்டுடலாமா?" என்று இழுத்தார். "பின்பக்கத்தை உங்க குதிரைதான் பாக்கும். முன்னாடி போடுங்க, இல்லேன்னா அவிச்ச உருளைக்கிழங்கோட விருந்தை முடிச்சுக்கோங்க" என்றேன். அப்பா இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். ஹாலிடே ஒத்துக்கொண்டார். நானும் கேக் செய்து கொடுத்தேன், பேச்சு பேச்சுதான்.

நேற்று முன்பக்கத்தில் செதுக்கினார்கள். பக்கத்திலேயே நின்றேன். கடைசி எழுத்து முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கல் செதுக்கும் டெம்சுக் தயங்கித் தயங்கி, "ஒரு வீட்டுப் பேரெல்லாம் ஒண்ணா இருக்கணும்னு கமிட்டியில சொல்றாங்க. கீழ கொஞ்சம் இடம் விடட்டுங்களா?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். "விடாதீங்க. அங்க ஒரு கோதுமைக் கதிரைச் செதுக்கி அடைச்சிடுங்க" என்றேன். அப்படியே செய்துவிட்டார். இப்போது அங்கே ஒரு விரல் வைக்கக்கூட இடமில்லை.

ஆகவே ஸ்வெய்ன், அந்தக் கல்லில் உனக்கு இடம் கிடையாது. வீட்டில் உன் கட்டில் இருக்கிறது. அம்மா பேச்சைத் தட்டாமல் வந்து சேர்.

உன் அம்மா,
தோரா