நீ வேண்டாம் என்ற டீ

இன்று காலை மழை விட்டதும் காரை எடுத்தேன். வண்டியை விலைக்குப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யைப் போட்டதும் அந்த வாடை வந்துவிட்டது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் நாலு நாள் கழித்து அடிக்குமே, அதே வாடை. உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "கடலோரம் மாமு, ஈரம் இருக்கத்தான் செய்யும். மேட்டை எட்த்து வெயில்ல போடு," என்பாய். நானும் போடுவேன். எங்கள் மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் கார் மேட் காய்ந்த கதை தெரு முழுக்கத் தெரியும். இன்று எதையும் காயப்போடவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே உன்னை வாய்விட்டுத் திட்டினேன். திட்டியும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் பழக்கமே ஒரு சண்டையில்தான் தொடங்கியது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் என் தகட்டுக் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், வாசலில் நின்ற புதுக் காரைக் காட்டி நல்ல வண்டி என்று யாரிடமோ சொன்னேன். யாரும் கேட்காமலே நீ குறுக்கே வந்தாய். "இன்னா நல்ல வண்டி? மூஞ்சி ஷோக்கா கீது, ஒத்துக்கறேன். பின்னால வந்து பாரு. நீளம் கொறஞ்சா வரி கம்மியாவும்னு டிக்கிய வெட்டிட்டானுங்க. வாலறுந்த பல்லி மாதிரி கீது." எங்கள் சந்தில் திரும்புவதற்கு அந்த நீளமே அதிகம் என்று நான் மல்லுக்கு நின்றேன். அந்த வண்டிக்காரர் டீ குடித்துவிட்டுப் போயே போய்விட்டார். நாம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

எண்ணூர் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிப் போய் நிறுத்துவது உன் வேலை. பொழுது முழுக்கப் புத்தம் புதுக் கார்கள். சொந்தமாக உன்னிடம் இருந்தது ஒரு கிழட்டு ஸ்கூட்டர். கப்பல் வரைக்கும் ஓட்டுகிற அந்தக் கொஞ்ச தூரத்திலேயே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாய். மூன்று சிலிண்டர் எஞ்சின் உனக்கு ஆகவே ஆகாது. "சிக்னல்ல நின்னா ஜுரம் வந்தவன் கணக்கா ஒதறுது." பெரிய தொடுதிரை எனக்குப் பிடிக்கும் என்றால், "டிவி பாக்கணும்னா வூட்டுக்குப் போ," என்பாய். மைலேஜ் கேட்டால் முகத்தைச் சுளிப்பாய். வெளிநாட்டுக்குப் போகிற வண்டியின் கதவு மூடும் சத்தமும் நமக்கு விற்கிற வண்டியின் கதவுச் சத்தமும் வேறு என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிறத்தில் மட்டும் நாம் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. விற்கும்போது வெள்ளைதான் விலை போகும் என்பாய் நீ. எனக்குக் கருநீலம். கருநீலத்தைக் கண்டால் எனக்கு மூளை வேலை செய்யாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய்.

பழைய கார் வாங்குகிறவர்கள் நம்மைத் தேடி வர ஆரம்பித்தார்கள். தகடு என் பக்கம், எஞ்சின் உன் பக்கம். ராயபுரத்து உப்புக்காற்றில் கதவின் அடி விளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும். நான் குனிந்து அதைப் பார்ப்பேன். விரல் முட்டியால் தட்டி, எங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பேன். நீ உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்பாய். கடைசியாக சீட் பெல்ட்டை அதன் நுனி வரைக்கும் உருவிப் பார்ப்பாய். "வெள்ளத்துல நின்ன வண்டின்னா எல்லாத்தையும் கய்வுவானுங்க மாமு. இத்த மட்டும் மறந்துடுவானுங்க. சேத்துக் கோடு உள்ள அப்டியே இர்க்கும்," என்று ஒரு தடவை சொன்னாய்.

விற்கிறவர் முன்னால் அவருடைய வண்டியைக் குறை சொல்லக் கூடாது என்பது நம் மரியாதை. சந்தேகம் வந்தவன் "டீ சாப்புடலாமா?" என்பான். மற்றவன் மறுக்கக் கூடாது. இரண்டு பேரும் டீக்கடைக்குப் போய்ப் பேசிக்கொள்வோம். அப்படி டீ குடித்த பிறகு யாருக்கும் எந்த வண்டியையும் நாம் வாங்கிக் கொடுத்ததில்லை.

அப்பாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமானபோதுதான் நான் கார் வாங்கத் துணிந்தேன். டிரெய்லர் புகைக்கு நடுவே அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பழைய கார் வாங்கி விற்கிற உன் மச்சானிடம், உன் மனைவியின் தம்பியிடம், ஒரு வண்டி இருப்பதாக நீதான் சொன்னாய். கருநீலம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். தகட்டில் ஒரு குறை இல்லை. ஆனால் உள்ளே தலைவலி வருகிற அளவுக்கு சென்ட் வாசனை. டேஷ்போர்டில் ஒன்றுக்கு இரண்டு வாசனை பாட்டில். நீ எஞ்சினைப் போட்டாய், கேட்டாய், அணைத்தாய், இறங்கிவிட்டாய். எனக்குள் என்னவோ உறுத்தியது.

"டீ சாப்புடலாமாடா?" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. "வேணாம் மாமு. வவுறு சரியில்ல," என்றாய்.

நான் நம்பினேன். வயிற்றைத்தான் நம்பினேன். அந்தக் காரையே வாங்கி ஓட்டிக்கொண்டு திரும்பும் வழியில் நிறுத்தி உனக்கு சோடா வாங்கிக் கொடுத்தேன். நீயும் வாங்கிக் குடித்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி நின்றது. முன்னும் பின்னும் கன்டெய்னர் டிரெய்லர்கள். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிந்து அணைந்தன. கண்ணாடி இறங்கவில்லை. பின் சீட்டில் அப்பா வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தார். நான் போன் செய்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பறந்து வந்தாய். அப்பாவைத் தூக்கி இறக்கி, மூச்சு சீராகும் வரை உன் மடியிலேயே சாய்த்து வைத்திருந்தாய். அவர் மேல் உனக்கு எவ்வளவு பாசம் என்று அன்று என் மனைவியிடம் சொல்லிக் கண் கலங்கினேன். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை! சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, வண்டிக்கு அடியில் படுத்து ஒயரை மாற்றுவாய். "இதெல்லாம் ஒரு பேஜாரா? நான் கீறன்ல," என்பாய். சட்டையெல்லாம் அழுக்கோடு நீ போவதைப் பார்த்து, இப்படி ஒரு தோஸ்து யாருக்குக் கிடைப்பான் என்று நினைப்பேன்.

அப்புறம் ஒரு நாள் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். பூசை முடிந்து உன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உன் மச்சான் பக்கத்தில் வந்து, என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான். "வெள்ளத்துல முங்குன வண்டிய இத்தினி வருசமா ஓட்டிக்கினு கீறியேண்ணா, நீ பெரிய ஆளு."

"யார் சொன்னா?" என்றேன்.

"நான் மாமாகிட்ட மொதல்லயே சொல்ட்டேண்ணா. உன்கிட்ட சொல்லிட்டுத்தான் விக்கணும்னேன். அவருதான், 'அவனுக்குத் தெரியும், நான் சொல்ட்டேன், நீ கம்முனு இரு'ன்னாரு." அவன் முகத்தில் பொய் இல்லை. பிறகு, "இன்னாண்ணா ஒரு மாதிரி ஆய்ட்ட? டீ சாப்புடுறியா?" என்று கேட்டான்.

எழுந்து வந்துவிட்டேன். தெருவில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து சீட் பெல்ட்டை நுனி வரைக்கும் உருவினேன். பழுப்பாக, நேராக, ஒரு கோடு. அத்தனை கோளாறிலும் நான் ஏன் ஒரு தடவை கூட அதை உருவிப் பார்க்கவில்லை என்று நீ கேட்கலாம். நீ பார்த்த வண்டியை நான் மறுபடி பார்ப்பேனா?

உன் பக்கத்திலும் ஏதோ நியாயம் இருந்திருக்கும். மச்சான் கடனில் முழுகியிருப்பான், வீட்டில் உன் மனைவி அழுதிருப்பாள். என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். டீக்கடைக்கு வந்து, "மாமு, மாட்டிக்கினேன், நீ வாங்கித்தான் ஆவணும்," என்று சொல்லியிருந்தால் தெரிந்தே வாங்கியிருப்பேனடா. அப்பாவை மட்டும் அதில் ஏற்றியிருக்க மாட்டேன். இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வந்தது எனக்காகவா, உன் மனசாட்சிக்காகவா? சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்றால் நீயும் இல்லை. எனக்கு உன் மேல் தாங்க முடியாத கோபம். காதில் விழுகிற தூரத்தில் நீ இல்லை என்பதில் அதைவிடக் கோபம்.

இன்று வண்டி பார்க்க வந்தவர் விம்கோ நகர்க்காரர். அவர் வருவதற்கு முன்னால் நான் ஒரு வாசனை பாட்டில் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருந்தேன். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். கருநீலத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து, "எங்கம்மா காலை நீட்டிக்கினு வரலாம்," என்று சிரித்தார். பழக்கதோஷம், என் வாயில் தானாக வந்தது.

"டீ சாப்புடலாமா?"

"வேணாம் சார், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்," என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரிந்த இன்னொரு ஆள் நீ ஒருவன்தான் இருந்தாய். நீயும் வேண்டாம் என்றுதான் சொன்னாய்.

சீட் பெல்ட்டை நுனி வரைக்கும் உருவி அவர் கையில் கொடுத்தேன். "இது தண்ணில நின்ன வண்டி," என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி என்னிடமே நிற்கிறது, வாடையோடு.

தண்ணில நின்ன வண்டி. சொல்லி முடிக்க ஒரு மூச்சு கூட ஆகவில்லையடா.