பின்சீட்டும் பக்கத்துச் சீட்டும்

ஏப்ரல் 11, சனி

ஓடுதளத்தில் இன்னும் சேறு வற்றவில்லை. இருந்தாலும் ஹாலிஸின் கொட்டகைக்குப் போய்விட்டு வந்தேன். அவன் மெக்கானிக்தான், ஆனால் வாய் தரகனுடையது. மஞ்சள் நிற சூப்பர் கப் விமானம் ஒன்று விற்பனைக்கு வந்து நிற்கிறது. பலூன் மாதிரி டயர், புது இன்ஜின். முன்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர், அவ்வளவுதான் இடம். நானும் நண்பன் டெல்மரும் இருபது வருஷம் பங்காக வைத்திருந்ததும் இதே ரகம்.

"பெருசு, பாத்துக்கிட்டே நின்னா அது முட்டையா போடப்போகுது? ஏறி உக்காரு."

ஏறி உட்கார்ந்தேன். பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன அக்டோபரில் டாக்டர் டெல்மரின் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, இனி விமானம் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே வந்து, "வித்துடலாம்டா ஆரின்" என்றான். நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார்ந்து வா என்றேன். "நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்று கத்தினான். விற்றுவிட்டோம். குளிர்காலத்தில் அவனுக்கு இடுப்பு ஆபரேஷன். பார்க்கப் போனபோது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். தூங்கவில்லை. அவன் தூங்கினால் குறட்டை வராந்தா வரை கேட்கும். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

ஏப்ரல் 14

டெல்மருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மே 2, சனி

ஓட்டிப் பார் என்று ஹாலிஸ் கப்பின் சாவியைக் கொடுத்தான். விடிந்ததும் கிளம்பினேன். வெயில் ஏறினால் மலைக்குள் காற்று லேசாகி இறக்கைக்குப் பிடிப்பு இருக்காது. விமானம் அருமை. கையைக் காட்டினால் போதும், திரும்புகிறது.

பழக்கதோஷம், காலைச் சாப்பாட்டுக்கு நேராக ஜோலீன் பண்ணைக்குத்தான் போனேன்; விமானத்தில் வருகிறவர்களுக்குப் பேன்கேக் சுட்டுப் போடும் இடம். அங்கே சாலை கிடையாது; மாவும் முட்டையும்கூட விமானத்தில்தான் வந்தாக வேண்டும். அதனால் மலையைத் தாண்டியதும் ரேடியோவில் எத்தனை தட்டு என்று சொல்லிவிட வேண்டும். அதற்குத் தகுந்தபடிதான் ஜோலீன் அடுப்பில் கல்லைப் போடுவாள்.

"மஞ்சள் கப், எத்தனை பேருக்கு?"

"ரெண்டு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபது வருஷமாகச் சொன்ன வார்த்தை. மாற்றிச் சொல்வதற்குள் ஓடுதளம் வந்துவிட்டது, அப்புறம் ரேடியோவைத் தொட நேரமில்லை.

ஜோலீன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். விமானத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"டெல்மர் எங்க?"

"வரல. தப்பா சொல்லிட்டேன்."

"சுட்டதைக் கொட்டவா முடியும்? வா, உக்காரு."

இரண்டு தட்டையும் வைத்துவிட்டுப் போனாள். எதிரே இருந்த பேன்கேக்கின் மேல் வெண்ணெய் உருகி, வழிந்து, திரும்ப உறைந்தது. அடுத்த மேசையில் பாய்ஸி நகரத்திலிருந்து வந்த நாலு பேர் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. அறுபத்து நாலு வயது ஆள் நான். மனைவி நோரீன் என்னை விட்டுப் போனதிலிருந்து வீட்டில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அங்கே தனியாகச் சாப்பிட்டதில்லை.

மே 3

இன்று யாருடனும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி எழுதும்போதுதான் உறைத்தது.

மே 16, சனி

கப்பை எடுத்துக்கொண்டு எங்கள் திட்டுக்குப் போனேன். எங்கள் என்று கை தானாக எழுதுகிறது. ஆற்று வளைவில் கூழாங்கல் நிறைந்த சின்ன மேடு. கண்ணுக்குத் தெரியும் நீளத்தில் பாதிதான் இறங்க லாயக்கு. கல்லில் துள்ளித் துள்ளி நின்றபோது வழக்கம்போல் சந்தோஷத்தில் கத்தினேன். பின்னாலிருந்து பதில் கத்தல் வரவில்லை.

கூடாரம் போட்டேன். ட்ராவுட் மீன் ஒன்று மாட்டியது, பொரித்தேன், உப்பு போட மறந்துவிட்டேன். டெல்மர் கூட வந்திருந்தால் அந்த உப்புக்காகவே ஒரு மணி நேரம் திட்டியிருப்பான். ஆறு மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. இந்த இடத்தை விட்டு என்னால் இருக்க முடியாது, அது நிச்சயம். இங்கே இறங்க கப் ஒன்றால்தான் முடியும். ஆக, முடிவு செய்துவிட்டேன். கப்தான்.

மே 20, புதன்

முன்பணம் கொடுக்கப் போனேன். ஹாலிஸ் வாங்காமல் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான் பெருசு. ஆனா நீ வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோ. போன வாரம் டெல்மர் வந்தான்."

"எதுக்கு?"

"நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா, கப்போட பின்சீட்டுல ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. ஏறவும் முடியல, இறங்கவும் முடியல. ரொம்ப நேரமா அப்படியே தொங்கிட்டிருந்திருப்பான் போல. முகமெல்லாம் வேர்வை. நான்தான் இடுப்பைப் பிடிச்சு இறக்கிவிட்டேன்."

ஆபரேஷன் செய்த பக்கத்துக் காலை அவனால் மடக்கவே முடியாதாம். இனி எப்போதும்.

வீட்டுக்கு வந்து ஒரு கதவு விடாமல் அறைந்து சாத்தினேன். அட கிறுக்குப் பயலே, மூட்டை மாதிரி வரமாட்டேன்னு அவ்ளோ கத்தினியே — பின்ன எதுக்குடா திருட்டுத்தனமா வந்து ஏறிப் பாத்தே? எங்கிட்ட சொன்னா என்ன? நான் தூக்கி உக்கார வச்சிருக்க மாட்டேனா?

தூக்க விடமாட்டான். தூக்கி உட்கார வைத்தால் செத்தே போவான். அதுவும் தெரியும்.

மே 24, ஞாயிறு

அவன் வீட்டுக்கே போனேன். வலைக்கதவைத் திறக்கவில்லை. உள்ளே அவன், வெளியே நான்.

"கப் வாங்கப் போறியாமே," என்றான்.

"யோசிக்கிறேன்."

"என்னத்த யோசிக்கிறே? நல்ல விமானம். வாங்கிக்கோ. திட்டுக்குப் போ."

"நீயும்—"

"எனக்கு வேலை இருக்கு."

ஒரு வேலையும் இல்லை. டிவியில் கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது. கோல்ஃப் என்றாலே அவனுக்கு ஆகாது. ஹாலிஸ் சொன்னதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வேலியில் தட்டிய தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 5, வெள்ளி

சாமன் ஊரில் ஒரு செஸ்னா 182 விமானம் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். நாலு சீட்டு, பக்கத்துப் பக்கத்தில். வால் தரையில் படாமல் நிமிர்ந்து நிற்கும், முன்னால் மூக்குச் சக்கரம். கல்லிலும் மேட்டிலும் இறங்கிப் பழகிய எங்கள் ஆட்கள் இதைக் கண்டால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

வலது பக்கக் கதவைத் திறந்து, ஒரு காலை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். படியில் நல்ல காலை வைத்து, சீட்டில் முதலில் பின்புறத்தை வைத்து உட்கார்ந்து, அப்படியே திரும்பினால் விறைத்த கால் உள்ளே வந்துவிடுகிறது. இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன். விற்பவர் நல்ல மனிதர். "இடுப்பு வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 6

தூக்கம் இல்லை. 182 திட்டில் இறங்காது. அந்தக் கூழாங்கல்லில் மூக்குச் சக்கரம் முதல் நாளே ஒடிந்துவிடும். ஜோலீன் பண்ணை மாதிரி நீளமான புல்தரைகளோடு சரி. இதை வாங்கினால் திட்டை மறந்துவிட வேண்டியதுதான். அதையும் விட்டுவிட்டு, அவனும் வரவில்லை என்றால்? வருவான் என்று யார் சொன்னது? கேட்டால் முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்துவான். கேட்கவே முடியாத ஒரு விஷயத்துக்காக ஒரு விமானம் வாங்குவதா?

கப் வாங்கினால் பின்சீட்டில் கூடாரத்தை வைத்துக்கொண்டு, சாகும்வரை உப்பில்லாத மீன்.

ஜூன் 9, செவ்வாய்

182-ஐ வாங்கிவிட்டேன்.

ஜூன் 10

ஹாலிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "மூக்குச் சக்கரமா! பெருசு, மளிகைக் கடைக்குப் போகவா வாங்கினே?" அப்புறம் கதவைப் பார்த்தான், படியைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு எண்ணெய் அளவு பார்க்கப் போய்விட்டான்.

ஜூலை 18, சனி

ஜோலீன் பண்ணை. "எத்தனை பேருக்கு?" "ஒண்ணு." இந்தத் தடவை சரியாகச் சொன்னேன். கப்பில் காலியாக இருந்தது ஒரு சீட்டு, அதுவும் முதுகுக்குப் பின்னால். இதில் மூன்று, அதில் ஒன்று என் பக்கத்திலேயே.

டெல்மருக்குப் போன் செய்வதை விட்டுவிட்டேன். நான் செய்தது முட்டாள்தனம்தான்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

காலையில் அவன் வீட்டுக்கு மேலாகப் பறந்தேன். வேண்டுமென்று இல்லை. சரி, வேண்டுமென்றுதான்.

மத்தியானம் போன் அடித்தது.

"என் வீட்டு மேல போனது நீதானே? மூக்குச் சக்கரம் வச்சதுல?"

"ஆமா."

"வெட்கமா இல்ல உனக்கு? அதை வச்சிட்டுத் திட்டுல எப்படிடா இறங்குவே?"

"இறங்க முடியாது."

"பின்ன எதுக்கு வாங்கினே?"

"வயசாச்சு" என்றேன்.

அவன் டிவியை அணைப்பது கேட்டது.

"அந்த ஹாலிஸ் பய வாயைத் தைக்கணும்," என்றான். அப்புறம், "படி எவ்ளோ உயரம்?"

செப்டம்பர் 12, சனி

டெல்மர் வந்தான். கைத்தடியை முதலில் பின்சீட்டில் எறிந்தான். ஏறும்போது நான் வேண்டுமென்றே மறுபக்கம் போய் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனகல் கேட்டது, கெட்ட வார்த்தை கேட்டது, பிறகு கதவு சாத்தும் சத்தம்.

கப்பில் போகும்போது ஒருவர் முன்னால், வரும்போது மற்றவர். இருபது வருஷமும் நான் பார்த்தது அவன் பிடரியை. பறக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறான்.

திட்டின் மேல் ஒரு சுற்று சுற்றினேன். தண்ணீர் வற்றி, இறங்குவதற்கு அவ்வளவு தோதாகக் கிடந்தது. அவன் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தான்.

"கப் வாங்கியிருந்தா இப்ப இறங்கியிருப்பே."

"ஆமா."

விமானத்தை ஜோலீன் பண்ணைப் பக்கம் திருப்பினேன்.

மலையைத் தாண்டியதும் ஜோலீனின் குரல் வந்தது. "எத்தனை பேருக்கு?" நான் மைக்கை எடுத்தேன். டெல்மர் என்னைப் பார்த்தான், ரேடியோவின் மைக்கைப் பிடுங்கினான்.

"ரெண்டு."

"நிஜமாவே ரெண்டா? மே மாசம் மாதிரி இல்லையே?"

அவன் என் பக்கம் திரும்பினான். "மே மாசம் என்னடா?"

"இறங்கப்போறேன். வாயை மூடு."

இறங்கினோம். பேன்கேக்கில் வெண்ணெய் உறைய நேரமில்லை. ஜோலீன் இரண்டு தட்டையும் காலியாகத்தான் எடுத்துப் போனாள்.