இரண்டில் ஒன்று போலி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நானும் வாலுவும் நலம். அந்த வாலு, உன் அண்ணன் மகள், நேற்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரப்பிவிட்டாள். அப்படியே அப்பன் புத்தி. நீ போய் ஒரு வருடம் ஆகிறது, ஒரு போட்டோகூட அனுப்பவில்லை. வெல்டிங் நெருப்பில் மூஞ்சி கருகிவிட்டதா, இல்லை எவளாவது கண்ணில் பட்டுவிட்டாளா?

நீரேற்று நிலையத்தில் உன் அண்ணன் பார்த்த வேலையை எனக்குத் தரச் சொல்லி மனுப் போட்டிருந்தேன் அல்லவா? நேற்று ஆபீசில் கூப்பிட்டார்கள். ஆர்டர்தான் தரப்போகிறார்கள் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். மனுவைச் சரிபார்க்கும் கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இறந்து நாலு மாசம் கழிச்சு பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சிருக்காரே, பிளைட்டும் ஏறியிருக்காரே?" என்கிறார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனுஷன். எப்போதோ ஆசைக்கு எடுத்த பாஸ்போர்ட்டை ஒரு தடவைகூடத் தொடாதவர்.

பேங்கில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். "செத்தவங்க பேரைத் திருடறதுதான்க்கா சுலபம். அவங்க வந்து கேக்க மாட்டாங்கல்ல. இறந்ததும் பேங்க், போன், பாஸ்போர்ட்னு எல்லா எடத்துலயும் சொல்லி மூடிடணும். ஜெராக்ஸ் குடுத்தாலும் எதுக்குக் குடுக்கறோம்னு குறுக்க எழுதணும்" என்றாள். ஊருக்குப் போன இடத்தில் அவர் இறந்து, அங்கேயே அடக்கம் முடிந்த கையோடு அவர் காகிதங்கள் இருந்த பையை உன்னிடம்தானே கொடுத்தேன்? எங்கெங்கே ஜெராக்ஸ் கொடுத்தாய் என்று யோசித்து எழுது. போலீசுக்குப் போகப்போகிறேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் குவார்ட்டர்ஸை காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். பிணத்தின் சட்டைப்பையில் கைவிட்ட அந்தப் பாவி நாசமாய்ப் போவான்.

உன் அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். போலீஸ் வேண்டாம் அண்ணி. எந்த ஜெராக்ஸ் கடைக்காரன் செய்தானோ, யாரைப் பிடிப்பது? கேஸ், கோர்ட் என்று அலைந்து நீங்கள்தான் ஓடாய்த் தேய்வீர்கள். மனுவைக் கொஞ்ச காலம் ஆறப்போடுங்கள். ஒரு வருடம் பொறுத்தால் நானே வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறேன். வீட்டை விடச் சொன்னால் விடுங்கள், வாடகையை நான் அனுப்புகிறேன்.

வாலுவுக்குப் புதுக் கடிகாரம் வாங்கி அனுப்பட்டுமா?

உங்கள் தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

கண்ணாடிக்காரர் இன்று திரையை என் பக்கம் திருப்பினார். புதுப்பித்த பாஸ்போர்ட்டில் இருந்த போட்டோ. "இவர்தானே உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டார்.

அதே மூக்கு, அதே தாடை. ஆனால் இடது புருவத்தில் ஒரு வெட்டு. நான் கல்யாணமாகி வந்த வருடம் நீ மாடிப்படியில் உருண்டு விழுந்தாய். ரத்தத்தைத் துடைத்து மருந்து போட்டவள் நான். எனக்கா அந்த வெட்டுத் தெரியாது?

"சரியாத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்திருக்கிறேன். நாசமாய்ப் போவான் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, கடிகாரம் வாங்கி அனுப்பட்டுமா என்று எழுத உனக்கு எப்படியடா கை வந்தது?

"ரெண்டுல ஒண்ணு போலிம்மா. இறப்புச் சான்றிதழா, பாஸ்போர்ட்டா? மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லன்னா நாங்களே போலீசுக்கு அனுப்பிடுவோம்" என்கிறார். பாஸ்போர்ட் போலி என்று எழுதினால் எனக்கு வேலை கிடைக்கும், வீடு நிற்கும். உன் வாயால் ஒரு வார்த்தை சொல். அது நான் இல்லை என்று சொன்னால்கூடச் சந்தோஷமாக நம்புவேன்.

அண்ணி

ஏப்ரல் 15

அண்ணி,

நான்தான்.

என் பெயர் என்னிடம் இல்லை அண்ணி. வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று வந்த ஒருவனிடம் ஆதார் அட்டை, போட்டோ, கையெழுத்து எல்லாம் கொடுத்தேன். அவன் என் பெயரில் கம்பெனி திறந்து நாலு பேரை ஏமாற்றிவிட்டு ஓடிவிட்டான். கேஸ் என் மேல், என் பெயரில் பாஸ்போர்ட்டும் கிடைக்காது. நான் இல்லை என்று சொன்னால், "கையெழுத்து உன்னுதுதானே?" என்றார்கள். அண்ணனிடம் மட்டும்தான் சொன்னேன். "பாத்துக்கலாம்டா, அண்ணிக்குச் சொல்லாதே, பயந்துக்குவா" என்றார். பிறகு அவரே போய்விட்டார். பை என் கையில் இருந்தது. பசித்தவன் கையில் சோற்றைக் கொடுத்தால் யாருடையது என்றா பார்ப்பான்?

இங்கே எல்லோரும் என்னை அண்ணன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் திரும்பிப் பார்க்க மாட்டேன், செவிடன் என்று கேலி செய்தார்கள். இப்போது உடனே திரும்பிவிடுகிறேன். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

பாஸ்போர்ட் போலி என்று நீங்கள் எழுதினால் இங்கும் ஜெயில், அங்கும் ஜெயில். எழுதாதீர்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இதுவரை கடிதங்களை வாங்கித் தந்த நண்பன் ஊருக்குத் திரும்பிவிட்டான். இனி உறையில் என் பெயரை எழுதினால் வராது. அண்ணன் பெயரை எழுதுங்கள். மன்னித்துவிடுங்கள்.

தம்பி

ஏப்ரல் 29

தம்பி,

எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கணவர் உயிரோடு இருக்கிறார், வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், இறந்துவிட்டதாகத் தவறாக மனுக் கொடுத்துவிட்டேன் என்று. கண்ணாடிக்காரர் அதை உரக்கப் படித்தார். "வேலைக்கு ஆசைப்பட்டு, உசுரோட இருக்கற புருஷனைச் சாகடிச்சிட்டியேம்மா" என்றார். ஆபீசே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். உன் அண்ணன் முகத்தைக் கடைசியாக ஈரத்துணியால் துடைத்தவள் நான், தலைகுனிந்து நின்றேன். இரண்டில் போலி நான்தான் என்று முடிவாகிவிட்டது.

மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்கிறோம். உன் வாடகைப் பணம் வேண்டாம். அண்ணி என்றும் இனி கூப்பிடாதே. அந்தக் காகிதத்தின்படி இன்று எனக்குப் புருஷன் நீ. அதை நினைக்கும்போது உடம்பெல்லாம் கூசுகிறது. இதற்குப் பதில் போடாதே. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தேன், அதனால்தான் உன்னை ஜெயிலுக்கு அனுப்ப மனம் வரவில்லை. மன்னிக்கவும் மனம் வரவில்லை.

குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. வாலு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். "அப்பா வெளிநாட்லதான் இருக்காராம்மா? ஏம்மா செத்துட்டார்னு சொன்ன?" என்று என்னைப் போட்டு அடித்தாள். அடக்கத்துக்கு அவளை நான் ஊருக்குக் கூட்டிப் போகவில்லை, அவள் எதையும் பார்த்ததில்லை. இல்லை என்று சொன்னால் நாளைக்கே அவள் வாய் ஊரெல்லாம் சொல்லிவிடும். ஆமாம் என்று சொன்னேன். எப்போது வருவார் என்றாள். லீவு கிடைத்ததும் என்றேன்.

உறையின் மேல் அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள்தான் பேனாவைப் பிடுங்கி எழுதினாள். அப்பாவுக்கு எழுத்து அழகாக இருந்தால்தான் பிடிக்கும் என்று இரண்டு உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாவதில் எழுதினாள்.

வாலுவின் அம்மா