மணிக்கட்டில் நான்கு விரல்கள்

மேல்கரடு
4.5.2025

அன்பு மகள் உமாதேவிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் உன் முட்டிக்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் கொடுக்கிற பத்து நிமிடப் போனில் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பந்தலில் திராட்சை கறுத்துவிட்டது. மாசக் கடைசியில் அறுப்பு. அதே வாரம், 27ஆம் தேதி, நம் காளியம்மன் பொங்கல். உன் பெரியப்பா வைகுண்டராஜ் நம் சமுதாயச் சங்கச் செயலாளர் ஆனதிலிருந்து எதையும் சின்னதாகச் செய்வதில்லை. நீ மாநிலக் கபடி அணியில் சேர்ந்ததற்குச் சங்கத்தின் சார்பில் பாராட்டு விழா. ஊர் மந்தையில் இருபது அடிக்கு ஃபிளக்ஸ் வைத்தாயிற்று. வெள்ளி வாள் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறார். கபடிக்கு வாள் எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. இந்த வருஷம் கோயிலில் பரிவட்டம் எனக்குக் கட்டுவதாகப் பேசி முடித்திருக்கிறார்கள். உன் தாத்தாவுக்குப் பிறகு நம் வீட்டுத் தலையில் அந்தத் துணி ஏறவில்லை. இப்போது உன்னால் ஏறுகிறது. முதல் நாளே வந்துவிடு.

கயலும் உன்னோடுதான் அணியில் இருக்கிறாள் என்று தெரியும். அவளை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இது நம்ம சங்கத்து விழா. உனக்கே புரியும்.

அன்பு அப்பா,
தவசி

திருச்சி
12.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிக்கால் நன்றாக இருக்கிறது. நான் நன்றாக இல்லை.

நேற்று போன் கைக்கு வந்ததும் ஃபிளக்ஸைப் பார்த்தேன். சங்க வாட்ஸ்அப் குழுவில் எழுபது பேர் கைதட்டியிருக்கிறார்கள். அது மண்டல இறுதி ஆட்டத்தில் எடுத்த படம். நானும் கயலும் கைகோத்துக் கடைசி ஆளை மடக்கிய நேரம். அவளை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டிருக்கிறார்கள். வெட்டியவர்கள் சரியாகக்கூட வெட்டவில்லை. என் இடது மணிக்கட்டில் அவள் விரல் நான்கும் அப்படியே இருக்கின்றன. இருபது அடியில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று உங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா அப்பா?

நான் மறைப்பதற்குள் கயல் பார்த்துவிட்டாள். அழுவாள் என்று பயந்தேன். சிரித்தாள். "பரவால்லடி, எங்க வீட்டுல யாரும் ஏறாத மந்தையில என் விரலாவது ஏறிருச்சு" என்றாள். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒரே ஊரிலிருந்து இரண்டு பெண்கள் மாநில அணிக்கு வந்திருக்கிறோம். முழுப் படத்தைப் போட்டு, அவளையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். இருவரும் வருகிறோம். இல்லையென்றால் நான் வரவில்லை.

மகள்,
உமா

மேல்கரடு
16.5.2025

உமாதேவிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டவில்லை. முதல் வரியோடு நிறுத்திவிட்டு, நலம் என்று எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன்.

நீ வளர்ந்தது என் ஒருவன் சோற்றில் இல்லை. அம்மா தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு மூன்று வேளையும் தூக்குச்சட்டி வந்தது யார் வீட்டிலிருந்து? சோணையம்மாள் அத்தை உனக்குத் தலைபின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது மறந்துவிட்டதா? நீ விழுந்து புரண்டு ஆடக் கற்ற மைதானம் சங்க மண்டபத்துப் பின்னால் உள்ளது. முதல் ஷூ சங்கம் வாங்கிக் கொடுத்தது. ஊரில் ஒருத்தி பெயரெடுத்தால் நம்ம பிள்ளை என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஆசை இருக்காதா?

பெரியப்பாவிடம் கயல் பேச்சை எடுத்தேன். உனக்காகத்தான் எடுத்தேன். எல்லோர் முன்னாலும், "ஏலே தவசி, ஒனக்குப் பரிவட்டம் வேணுமா, வேண்டாமா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

நீ வராவிட்டால் அந்தத் துணி வேறு தலைக்குப் போகும். நான் இந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும். உனக்குத் திருச்சி இருக்கிறது.

ஒரு நாள்தான். வா. மேடையில் நில். கொடுத்ததை வாங்கிக்கொள். மறுநாள் போய்க் கயலோடு விளையாடு, யார் கேட்கப் போகிறார்கள்?

அப்பா

திருச்சி
20.5.2025

அப்பாவுக்கு,

எதையும் மறக்கவில்லை. அந்தத் தூக்குச்சட்டியில் என்ன குழம்பு வந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. நான் ஊரிலிருந்து பஸ் ஏறிய அன்று அத்தைமார் எல்லோரும் சேர்ந்து போட்ட குலவை இன்னும் காதில் இருக்கிறது. இங்கே ஆட்டத்தில் தோற்கிற அன்று அதை நினைத்துத்தான் தூங்குகிறேன். அவர்கள் என் ஆட்கள் இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

இங்கே வந்த முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு அக்கா, "நீங்க என்ன ஆளு?" என்று கேட்டாள். சொன்னேன். நாங்களும் அதுதான் என்று இடம் ஒதுக்கினாள். தெரியாத ஊரில் அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அடுத்து கயலிடம் கேட்டாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கடைசி மேஜைக்குப் போனாள். நானும் எழுந்து போனேன். இதில் வீரமெல்லாம் இல்லை. நீங்கள் பழக்கிய பழக்கம்.

எட்டு வயதில் பந்தலுக்கு அடியில் கோடு கிழித்து எனக்குச் சடுகுடு சொல்லிக்கொடுத்தீர்கள். "கூட நிக்கிறவ கைய விட்டுட்டா வந்தவன் ஒன்னத் தாண்டித்தான் போவான், ஆத்தா" என்றீர்கள். அதை வைத்துத்தான் மாநில அணிக்கு வந்தேன். இப்போது விடு என்கிறீர்கள்.

 பரிவட்டம் உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வரவில்லை அப்பா.

உமா

திருச்சி
2.6.2025

அப்பாவுக்கு,

பொங்கல் முடிந்திருக்கும். நேற்றுப் பத்து நிமிடமும் போன் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீங்கள் எடுக்கவில்லை. என்னைத் திட்டியாவது எழுதுங்கள். முடியாவிட்டால் அம்மாவையாவது போனில் பேசச் சொல்லுங்கள்.

உமா

மேல்கரடு
8.6.2025

அன்பு மகள் உமாதேவிக்கு,

உன் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு முன்பே ஊருக்குள் பேச்சாகிவிட்டது. அந்த விரல் யாருடையது என்று பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள்கூடக் கேட்டார்கள். விரலை எடுத்துவிட்டு வேறு ஃபிளக்ஸ் போட்டு வா என்று பெரியப்பா என்னை உத்தமபாளையத்துக்கு அனுப்பினார். போனேன். ஆமாம், போனேன்.

ஸ்டுடியோவில் சூரியபிரகாஷ் என்ற தம்பி கம்ப்யூட்டரில் விரலைத் துடைத்தான். மணிக்கட்டு சரியாக வரவில்லை. வேறு ஒரு பெண்ணின் கையை எடுத்து உனக்கு ஒட்டிக் காட்டினான். நல்ல சிவந்த, நீளமான கை. பந்தல் கம்பி கிழித்து உன் கையில் ஒரு தழும்பு உண்டே, அது இல்லை. அன்று உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். "இதுல யாருக்கும் தெரியாதுண்ணே" என்றான் அந்தத் தம்பி. எனக்குத் தெரியுமே.

"எம்மகளுக்கு எதுக்குய்யா ஊரான் கை? எடுத்த படத்த எடுத்தபடியே போடு" என்றேன்.

முழுப் படத்தை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு உன்னைப் பிடித்திருக்கிறது. அவள் பிடிக்காவிட்டால் நீ கோட்டுக்கு வெளியே போயிருப்பாய். இது எனக்குத் தெரிகிற விஷயம்.

மந்தையில் வைக்க விடவில்லை. நம் வீட்டு முன்னால் கட்டினேன். பெரியப்பா வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். இன்றுவரை பேச்சு இல்லை. பரிவட்டம் ஈஸ்வரபாண்டிக்குக் கட்டினார்கள். நான் பின்னால் நின்று சாமி கும்பிட்டேன். வலித்தது. அறுப்புக்குச் சொல்லி வைத்த ஆட்கள் வரவில்லை. நானும் அம்மாவும் முடிந்தவரை பறித்தோம், பாதி கொடியிலேயே அழுகிவிட்டது. சோணையம்மாள் அத்தை மட்டும் ஒரு நாள் கூடையோடு வந்தாள். யாராவது கேட்டால் தன் காட்டைப் பார்க்க வந்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இதையெல்லாம் எழுதத்தான் கை வரவில்லை. உன் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, ரெண்டு பிள்ளைகளையும் லீவுக்கு இங்கன கூட்டி வரச் சொல்கிறாள்.

அதே படத்தில் சின்னதாக ஒன்று கயல் வீட்டுக்கென்று போட்டு வைத்திருந்தேன். நேற்று அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடைப் பாலம் வரை போனேன். பாலத்தைத் தாண்டினால் காலனி. அங்கே நின்றபோதுதான் உறைத்தது, அந்தப் பிள்ளை வீடு எதுவென்று எனக்குத் தெரியாது. நான் பிறந்த ஊர் இது. யாரிடமாவது கேட்க வெட்கமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

எந்த வீடு என்று எழுது.

அப்பா
தவசி