நான்காவது வரிசையில் ஒரு யூ

கராகண்டா,
ஜூன் 14

அன்புள்ள ஒரால்பெக்குக்கு,

குல்ஷிரா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ போனை எடுப்பதில்லை என்பதால் நீ இருக்கும் அக்தாவுக்கு வரும் ரயிலின் நடத்துநர் அம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பையில் உன் அம்மா உருட்டிக் காயவைத்த குர்த், அந்த உப்புத் தயிர்க்கட்டி உருண்டை, இருக்கிறது. "உப்பு தூக்கலாத்தான் போட்டிருக்கேன், பல்லு ஒடஞ்சா என்னைச் சொல்லக்கூடாது" என்று அத்தை எழுதச் சொன்னார். நீ மாட்டிவிட்டுப் போன குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே பிரிவின் இணைப்பு அறுந்து அறுந்து போனதற்காகப் பிப்ரவரியில் உன்னை மருத்துவமனை வேலையிலிருந்து அனுப்பினார்களே, அந்த நெட்வொர்க் சுவிட்சைப் பற்றித்தான். "நான் அமைத்தது சரி, பெட்டிதான் பழுது" என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். அதைச் சோதித்து, பெட்டியில் பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

போன வாரம் அதே பெட்டியைப் பிரசவ வார்டில் மாட்டினார்கள். அங்கேயும் அதே கூத்து. கழற்றி என் மேசைக்குக் கொண்டுவந்து, கேபிளைச் செருகி, சோதனை முடிவுகளைக் காட்டும் கட்டளையைத் தட்டினேன். பிப்ரவரியில் பார்த்த அதே பட்டியல். தேறியதற்குப் புள்ளி, தோற்றதற்கு எஃப் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசையாகப் புள்ளிகள். நான்காவது வரிசையில் மட்டும் யூ, அதாவது இன்னும் சோதிக்கவே இல்லை. அன்றும் அது அங்கேதான் இருந்தது. எஃப் இல்லையே என்று என் கண் தாண்டிப் போய்விட்டது.

கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டும் தான் அனுப்பியதைத் தானே சரியாகத் திரும்பப் பெறுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஓடும்போது எல்லா இணைப்பும் அறுந்துவிடும் என்பதால் நாமாகக் கேட்டால்தான் ஓடும். கேட்டாலும் "தொடரலாமா?" என்று ஒரு தடவை கேட்கும். பதில் சொல்லாவிட்டால் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். பிப்ரவரியில் டாக்டர்கள் கத்துவார்கள் என்று பயந்து நான் அதன் பக்கமே போகவில்லை. இந்த முறை "ஆம்" என்று அடித்தேன். இரண்டே நிமிடம். பதினேழிலிருந்து இருபத்துநான்கு வரை எட்டு போர்ட்டும் எஃப். அன்று எக்ஸ்ரே பிரிவின் கேபிள் பத்தொன்பதில்தான் இருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது, ஒரால்பெக். அன்றைக்குச் சமையலறையில் "நல்லா பாத்தியா, குல்ஷிரா?" என்று நீ ஒரே ஒரு தடவை கேட்டாய். "எல்லாம் பாத்தாச்சு" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன். பெட்டியைப் பாதிதான் பார்த்திருந்தேன். உன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் புது அறிக்கையை எழுந்து நின்று வாசித்தேன். பிப்ரவரி அறிக்கை தவறு, தவறு என்னுடையது என்றேன். நம் மேலாளர் விக்டர் பெத்ரோவிச், "ஆறின கஞ்சியை எதுக்கும்மா கிண்டுற?" என்றார். "நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் கிண்டுவேன்" என்றேன். முனகிக்கொண்டே போட்டார். உன் பெயரில் குற்றமில்லை என்ற அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மேசையும் காலியாகத்தான் கிடக்கிறது.

ஆனால் வேலைக்காக இதை எழுதவில்லை. உனக்கு அந்த ஊரே பிடித்துப்போயிருந்தால் அங்கேயே இரு, நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வருகிறேன். குர்த்தைக் குளிர்ந்த பியரோடு கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளாதே. ஒழுங்காகச் சாப்பிடு. இதே ரயில் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறது. ஆறாம் பெட்டியில் கீழ்ப்படுக்கை ஒன்று காலி என்று நடத்துநர் அம்மாள் சொன்னார். நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

அந்த சுவிட்ச் பெட்டி மாதிரி இல்லை நான். நீ பதில் சொல்லாவிட்டாலும் அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன்,
குல்ஷிரா